பொன்வண்டுக்கு ஒரு சீட்டு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வளர்ந்தவர்களிடம் பொன்வண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பத்து நிமிடத்துக்கு அவர்களே பேசுவார்கள். மழை பெய்து வேலமரமும் உடைமரமும் தளிர்விட்ட நாட்கள், கிளையை உலுக்கினால் பொத்தென்று விழும் வண்டு, அதை அடைத்து வைத்த தீப்பெட்டி, உள்ளே போட்ட வேல இலை, மறுநாள் திறந்து பார்த்தால் கிடக்கும் முட்டை. சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தீப்பெட்டிக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஒருவர் நினைவும் மற்றவர் நினைவும் அப்படியே பொருந்தும். பேச்சு வந்து நிற்கும் இடமும் ஒன்றுதான்: “இப்பல்லாம் எங்க பார்க்க முடியுது?” என் நினைவும் இதற்கு வேறானதில்லை. ஆனால் இந்த நினைவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி மூன்று கேள்வி கேட்டால் அது தடுமாறிவிடும். எந்தப் பொன்வண்டு? எந்த ஆண்டில்? எந்த ஊர்க் காட்டில்? பூச்சிகளைப் பற்றிய நம் நினைவு எவ்வளவு பிரியமானதாக இருந்தாலும் தேதி இல்லாதது. இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு பத்திரப்படுத்திய ஓர் இறந்த பூச்சியும், அதை மிக நெருங்கி எடுத்த படமும் சேரும்போதுதான் அந்த நினைவு அடுத்தவருக்குப் பயன்படும் அறிவாகிறது என்பது என் கட்சி. இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை நிறைய. அவற்றில் சில நியாயமானவையும்கூட.

முதல் கேள்வியிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. நம் பக்கம் பொன்வண்டு என்று சொல்லப்படுவது ஒரே இனம் இல்லை. உடல் முழுக்கப் பச்சையாக மின்னி, முதுகோட்டில் வெளிறிய மஞ்சள் குழிப்புள்ளிகள் கொண்டது ஒன்று. அது ஸ்டெர்னோசெரா ஸ்டெர்னிகார்னிஸ். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்டது. தலையும் கழுத்துப் பகுதியும் பச்சையாக இருக்க, முதுகை மூடும் ஓட்டுச் சிறகுகள் மட்டும் செம்பழுப்பாக இருப்பது இன்னொன்று. அது ஸ்டெர்னோசெரா கிரைசிஸ். 1775-இல் ஃபாப்ரிசியஸ் பெயரிட்டது. தீப்பெட்டிக்குள் போனபின் இரண்டும் பொன்வண்டுதான். “அந்தக் காலத்தில் நிறைய இருந்தது” என்று சொல்லும்போது எது நிறைய இருந்தது என்பதை நினைவு பிரித்துச் சொல்வதில்லை. இரண்டில் ஒன்று குறைந்து மற்றொன்று அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நினைவுகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் அந்த வேறுபாடு நமக்குத் தெரியவே போவதில்லை. சீமைக்கருவேலம் பரவிய இடங்களில் பழைய வேலமரங்கள் குறைந்ததால் வண்டும் குறைந்தது என்று சொல்வது எளிது. சரியாகவும் இருக்கலாம். ஆனால் நிறுவுவதற்கு ஆண்டுவாரியாக எதையாவது மேசைமேல் எடுத்துவைக்க வேண்டும்.

எடுத்துவைக்கக்கூடியவை பெரும்பாலும் நம் மேசைக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் லின்னேயஸிடம் பயின்றவர். டேனிஷ்காரர்களின் குடியேற்றமாக இருந்த அந்தக் கடற்கரை ஊரிலிருந்து கப்பலேறிய பூச்சிகள் பலவற்றுக்கு ஃபாப்ரிசியஸ் பெயர் வைத்தார். அவருடைய பூச்சித் தொகுப்பு இன்று கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பூச்சிகள் இருக்கின்றன. அதில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவை ஏராளம். நம்மவர் ஒருவர் கையால் போனவையும் உண்டு. காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்தைத் தளமாகக் கொண்ட பி. சூசை நாதன் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிந்தியா முழுக்க அலைந்து பூச்சி சேகரித்து உலக அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். அவர் நினைவாக ‘நாதனி’ என்று பெயர் பெற்ற பூச்சி இனங்கள் பல. அவர் அனுப்பிய பூச்சிகளின் மதிப்பில் பாதி, ஊசியின் கீழே தொங்கும் அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கிறது: ஊர், மலையானால் உயரம், மாதம், ஆண்டு, சேகரித்தவர் பெயர். சீட்டு இல்லாத பூச்சி ஷோகேஸில் வைக்கத்தான் உதவும். சீட்டுள்ள பூச்சி, கால் ஒடிந்து உணர்கொம்பு உதிர்ந்திருந்தாலும், குரும்பகரத்தில் இன்ன மாதம் இது இருந்தது என்பதற்கு மறுக்க முடியாத ஆதாரம்.

நெருக்கப் படத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. அது இழுப்பறையைத் திறக்கிறது. சங்கரன்கோவிலில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கு லண்டன் போக வழியில்லை, கோயம்புத்தூர் போவதே ஒரு நாள் பயணம். வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் 2018-இல் அங்கே திறக்கப்பட்டது. அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் மூத்த காஸ் வன அருங்காட்சியகமும் அதே ஊரில்தான் இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு வண்டின் நிறமும் அளவும் தெரியும். இனத்தைப் பிரித்தறியும் அடையாளங்கள் தெரியாது. அவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டவை: உணர்கொம்பின் எத்தனையாவது கணுவில் மயிர் தொடங்குகிறது, கழுத்துத் தட்டின் ஓரத்தில் விளிம்பு இருக்கிறதா, காலின் உள்பக்கத்தில் முள் எத்தனை. பூச்சியை அசைக்காமல், தபாலில் அனுப்பி ஒடித்துக்கொள்ளாமல், இந்த அடையாளங்களை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்றால் அது நல்ல ஒளியில் எடுத்த பெரிய படத்தால் மட்டுமே முடியும்.

பொன்வண்டையே அப்படி ஒருமுறை நெருங்கிப் பார்க்கலாம். வெறும் கண்ணுக்குக் கழுத்துப் பகுதி ஒரே வழவழப்பான பச்சைத் தகடு. ஐந்து மடங்கு உருப்பெருக்கத்தில் அந்தத் தகடு முழுக்கக் குழிகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நெருக்கமாக. குழியின் அடித்தளத்தில் பச்சை. சரிவில் ஏறும்போது அது நீலத்துக்கு நகர்கிறது. ஓர் ஓரத்தில் மட்டும் செம்புச் சாயல். ஒரே பொருள் மூன்று நிறம் காட்டுவதற்குக் காரணம் அங்கே சாயம் எதுவும் இல்லை என்பதுதான். வண்டின் மேல்தோலில் ஒளிவிலகல் வேறுபட்ட மெல்லிய படலங்கள் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியலைகளில் பச்சை மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு நம் கண்ணுக்கு வருகிறது. சாய்வாகப் பார்த்தால் வலுப்படும் அலைநீளம் குறைகிறது, எனவே நீலம். முதுகோட்டின் மஞ்சள் புள்ளிகளோ நிறமே இல்லை. ஆழமான குழிகளில் அடர்ந்து முளைத்த குறுமயிர்கள். தீப்பெட்டிக் காலத்து நினைவில் இந்த மயிர்களுக்கு இடம் இல்லை. பார்த்தவர் எவரும் இல்லை என்பதால் அல்ல, பார்க்கக் கருவி இல்லாததால்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும்: செத்த பூச்சியின் நிறம் போய்விடுமே, அதைப் படமெடுத்து என்ன பயன்? பாதிக்குப் பாதி உண்மை. தட்டானின் கண்ணில் உயிரோடு இருக்கும்போது ஓடும் நிறங்கள் இறந்த சில மணி நேரத்தில் மங்கிப் பழுப்பாகும். வெட்டுக்கிளியின் இலைப்பச்சை வைக்கோல் நிறமாகும். இவற்றின் உயிர்நிறம் வேண்டுமென்றால் உயிரோடுதான் எடுக்க வேண்டும், அதில் விவாதமே இல்லை. ஆனால் படல அடுக்கால் வரும் நிறத்துக்குச் சாவு பொருட்டில்லை. 1888-இல் லண்டன் மேடையில் லேடி மேக்பெத்தாக நடித்த எல்லன் டெரிக்காக ஓர் உடை தைத்தார்கள். அதில் பதித்தவை ஏறக்குறைய ஆயிரம் பொன்வண்டுச் சிறகோடுகள். ஜான் சிங்கர் சார்ஜென்ட் அடுத்த ஆண்டு அந்த உடையோடு அவரை ஓவியமாகத் தீட்டினார். துணி நைந்து போய் 2011-இல் பெரும் செலவில் அதைச் சீர்செய்தார்கள். சிறகுகளின் பச்சையைச் சீர்செய்யத் தேவை இருக்கவில்லை. இயற்கையில் உதிர்ந்த சிறகுகளே அதற்குப் பயன்பட்டன என்பது கேட்க இதமாக இருக்கும் செய்தி.

எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுப்புகளில் பாதி அந்த முறையைப் பற்றியவை. நெருங்க நெருங்க, படத்தில் தெளிவாக விழும் ஆழம் சுருங்கிக்கொண்டே போகும். பூச்சியை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழவைத்தால், லென்ஸின் துவாரம் எஃப் 8-இல் இருக்கும்போது தெளிவான ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஐந்து மடங்குக்குப் போய் லென்ஸை எஃப் 2.8-இல் வைத்தால் அது ஒரு மில்லிமீட்டரில் 20-இல் ஒரு பங்குகூட இல்லை. துவாரத்தைச் சுருக்கி ஆழத்தைக் கூட்டலாமே என்றால் அதற்கும் வழியில்லை. ஐந்து மடங்கில் எஃப் 22 என்று வைத்தால் செயலளவில் அது எஃப் 132 ஆகிவிடும். ஒளி துவார விளிம்பில் வளைந்து படம் முழுக்கச் சோர்ந்துபோகும். ஆகவே லென்ஸை நுண்ணிய அளவில் நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் மென்பொருளால் சேர்க்கிறார்கள். ஸ்டாக்கிங் என்று இதைச் சொல்வார்கள். தறியில் ஒவ்வோர் ஊடு இழையும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, நூற்றுக்கணக்கில் நெருக்கி அடித்தபின்தான் சேலை, அதுபோலத்தான் இதுவும். பொன்வண்டின் கழுத்து வளைவு ஒன்றுக்கே இருநூறு படங்கள்வரை ஆகலாம். லெவோன் பிஸ் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பூச்சிகளை எடுத்து 2016-இல் காட்சிக்கு வைத்தபோது, ஒவ்வொரு படமும் 8,000-க்கு மேற்பட்ட படங்களின் சேர்க்கை. பூச்சியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே ஒளி அமைத்து வாரக்கணக்கில் செய்த வேலை அது.

இதைக் கேட்டதும் இது பணக்காரர் விளையாட்டு என்று தோன்றும். அப்படி இல்லை. பழைய 28 மி.மீ. மேனுவல் லென்ஸைத் திருப்பி மாட்டினால் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். அதற்கான வளையத்தின் விலை சில நூறு ரூபாய்தான். பளபளக்கும் வண்டுக்கு நேரடி ஒளி ஆகவே ஆகாது. பட்டர் பேப்பரை உருளையாகச் சுற்றிப் பூச்சியைச் சூழ வைத்து வெளியிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் பச்சை முழுமையாக எழும். சங்கரன்கோவிலில் உண்மையான தொல்லை வேறு. விசைத்தறி ஓடும் தெருவில் தரையே மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும். ஐந்து மடங்கு உருப்பெருக்கத்தில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அசைவும் படத்தைக் கலைத்துவிடும். நீண்ட எக்ஸ்போஷர் வைத்து எல்இடி விளக்கில் எடுப்பவர்கள் தறி நிற்கும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் அதன் மின்னல் நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே நீடிப்பதால் அதிர்வு பதிவாவதற்குள் படம் விழுந்துவிடும். கேமரா, பூச்சி இரண்டும் ஒரே கனத்த பலகையில் பொருத்தப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

இப்போது கனமான மறுப்புக்கு வரலாம். இருநூறு படங்களைச் சேர்த்து உருவாக்கியதை எந்தக் கண்ணும் ஒரே பார்வையில் கண்டதில்லை. அப்படியிருக்க அதைச் சாட்சியம் என்று எப்படிச் சொல்வது? புகைப்படத்தின் நேர்மையில் அக்கறை உள்ளவர்கள் கேட்கும் கேள்வி இது, தட்டிக்கழிக்கக் கூடாது. என் பதிலில் இரண்டு பகுதிகள். ஒன்று, பூச்சியை வரைந்த எவரும் ஒரே பார்வையில் கண்டதை வரைந்ததில்லை. 1665-இல் தெள்ளுப்பூச்சியையும் பேனையும் ஈயின் கண்ணையும் வரைந்து வெளியிட்ட ராபர்ட் ஹூக், பல ஒளியில், பல நிலையில் வைத்து ஆராய்ந்து உண்மையான வடிவத்தை உறுதிசெய்துகொண்ட பிறகே வரையத் தொடங்கியதாகத் தன் முன்னுரையில் சொல்கிறார். ஈயின் கண்ணில் ஓர் ஒளியில் துளைகளாகத் தெரிவது மற்றோர் ஒளியில் ஆணித்தலைகளாகத் தெரியும் என்பது அவர் எச்சரிக்கை. 1914-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூலின் வண்ணப் படங்களும், 1940-இல் வந்த டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் கைந்நூல் படங்களும் அதே வழியில் வந்தவை. நுண்ணோக்கியைத் திருகித் திருகிப் பார்த்ததை ஓவியர் மனதில் சேர்த்துத் தாளில் இறக்கினார். ஸ்டாக்கிங் அதே வேலையை இயந்திரத்திடம் கொடுக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது பகுதி எனக்கு முக்கியமானது. இயந்திரம் தவறு செய்யும், அந்தத் தவறுகள் எப்படிப்பட்டவை என்பதும் தெரிந்த விஷயம். ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் மயிர்களைப் பிரிக்கத் தெரியாமல் ஒரு முறை தோற்கும். இன்னொரு முறை மயிர்களைக் காப்பாற்றிவிட்டு நிறத்தையும் மாறுபாட்டையும் கொஞ்சம் திரித்துவிடும். விளிம்புகளில் பொய்யான ஒளிவட்டம் தோன்றும். முள்ளின் எண்ணிக்கையை வைத்து இனம் பிரிக்கும் பூச்சியில், இல்லாத முள் ஒன்று படத்தில் முளைத்தால் அது சின்னத் தவறில்லை. ஆகவே அலங்காரப் படத்துக்கும் சாட்சியப் படத்துக்கும் விதி வேறாக இருக்க வேண்டும். தூசியைப் பூச்சியின்மேல் மெல்லிய தூரிகையால், தேவைப்பட்டால் ஆல்கஹால் தொட்டு, படமெடுக்கும் முன்பே துடைக்க வேண்டும். கணினியில் அழிக்கக் கூடாது. உடைந்த உணர்கொம்பை மறுபக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டக் கூடாது. எத்தனை படங்கள், என்ன உருப்பெருக்கம், எந்த முறை என்பது எழுதப்பட வேண்டும். அளவுகோல் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். மூலப் படங்களை வைத்திருக்க வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தேனீப் பிரிவு கறுப்புப் பின்னணியில் எடுத்து யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருக்கும் படங்கள் அழகிலும் குறைந்தவை இல்லை. இடமும் சேகரிப்பு விவரமும் கூடவே வருவதால் அழகு ஆதாரத்தைக் கெடுக்கவில்லை என்பதற்கு அவை நல்ல உதாரணம்.

உயிருள்ள பூச்சியைக் கைபேசியில் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றினால் இடமும் தேதியும் தானாகவே பதிவாகிவிடுமே, செத்ததை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பார்கள். கைபேசிப் படங்களின் பயனை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2018 மே மாதம் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு அடுத்த சில மாதங்களில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்தது. கரிசல் மண்ணில் மக்காச்சோளம் போட்டவர்கள் அதன் புழுவைக் கைபேசிப் படத்திலேயே அடையாளம் காண முடிந்தது: தலையில் தலைகீழ் ‘ஒய்’ குறி, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். ஆனால் எல்லாப் பூச்சியும் இப்படி நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. 2021-இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய்ப் பூக்களைச் சூறையாடிய இலைப்பேன், த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ், ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். பூவில் எடுத்த கைபேசிப் படத்தில் அது கறுத்த கீறல். லயோலா கல்லூரியில் வாழ்நாளெல்லாம் இலைப்பேன்களை ஆராய்ந்த டி.என். அனந்தகிருஷ்ணன் போன்றவர்கள் கண்ணாடிச் சில்லில் பதித்து, மயிர்களின் இடத்தையும் எண்ணிக்கையையும் பார்த்தே இனம் சொன்னார்கள். அந்துப்பூச்சிகளில் பல இனங்களை வயிற்று முனையின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் ஒழியச் சொல்ல முடியாது. பருத்தியைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைச் சாண்டர்ஸ் 1840-களில் உலகுக்கு அறிமுகப்படுத்தியதே குஜராத்தின் பரூச்சிலிருந்து போன மாதிரிகளைக் கொண்டுதான். உயிர்ப்படம் பூச்சி என்ன செய்தது என்று சொல்லும். அது எது என்பதைப் பல நேரம் மாதிரிதான் சொல்ல முடியும்.

இதற்குச் சங்கரன்கோவிலைவிடப் பொருத்தமான சான்று வேண்டியதில்லை. கோமதி அம்மன் சன்னதியில் புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்ளாதவர் இந்த வட்டாரத்தில் யார்? வீட்டில் பாம்பு, தேள் தொல்லை நீங்க அவற்றின் உருவம் பதித்த தகடுகளை உண்டியலில் செலுத்துவது இந்தக் கோயிலின் பழைய வழக்கம். ஊர்ந்து திரியும் சிற்றுயிர்க்கு உருவம் கொடுத்து, அதைச் சாமிக்கு முன் வைக்கத் தகுந்ததாகக் கருதிய ஊர் இது. எனக்கு அதில் பெருமை உண்டு. அந்தப் புற்றைக் கட்டியது பாம்பு இல்லை, கரையான். தென்னிந்தியச் சமவெளியின் புற்றுகளில் பெரும்பாலானவை ஒடண்டோடெர்மெஸ் பேரினத்துக் கரையான்களின் வேலை. புற்றை உடைத்தால் ஓடிவரும் வேலைக்காரக் கரையான்கள் எல்லா இனத்திலும் ஏறத்தாழ ஒரே சாயல். அடையாளம் இருப்பது சிப்பாயிடம். அரை சென்டிமீட்டர்கூட இல்லாத அதன் செம்மஞ்சள் தலையின் முன்னே அரிவாள்போல் வளைந்த இரண்டு தாடைகள். இடத் தாடையின் உள்விளிம்பில் ஒரே ஒரு பல். அது நுனிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, தலையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் விகிதம் என்ன என்பவற்றை வைத்தே இனம் பிரிக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சிப்பாயை, தாடைகள் ஒன்றையொன்று மறைத்தபடி, எந்தக் கைபேசியும் அப்படிப் பிடிக்காது. ஆல்கஹாலில் வைத்த ஒன்றை நிமிர்த்தி, தாடையை மெல்லத் திறந்து, மேலிருந்து நேராக எடுத்தால் அந்தப் பல் தெரியும். தலைமுறைகளாக நாம் நெற்றியில் இடும் மண்ணைச் செய்தவர் யார் என்று அறிவது பக்திக்கு எந்த வகையிலும் குறைவில்லை என்றே நினைக்கிறேன்.

கொல்வதைப் பற்றிய மறுப்பு எனக்கும் மனதில் உறுத்துவதுதான். படத்துக்காக ஒரு வண்டைக் கொல்வது சரியில்லை. குளிர்பதனப் பெட்டியில் பாதி விறைக்கவைத்து உயிருள்ளதுபோல் காட்டி எடுப்பது அதைவிட மோசம், ஏனென்றால் அது பூச்சியையும் ஏமாற்றுகிறது, பார்ப்பவரையும் ஏமாற்றுகிறது. ஆனால் இறந்த பூச்சிகளுக்கு இந்த ஊரில் குறைவே இல்லை. முதிர்ந்த பொன்வண்டின் ஆயுள் சில வாரங்கள். மரத்தடியில் எறும்பு உள்ளே தின்றுவிட்டுப் போன ஓடுகள் கிடக்கும், ஓடு போதும். மழைக்கு மறுநாள் காலை கோபுர விளக்குகளின் கீழும் பேருந்து நிலைய விளக்குகளின் கீழும் ஈசலும் அந்துப்பூச்சியும் வண்டும் கூட்டித் தள்ளும் அளவுக்குக் கிடக்கும். பூ மார்க்கெட்டில் ஒதுக்கிய மல்லிகை மொட்டுகளுக்குள் மொட்டுப்புழு இருக்கும். மலைப்பக்கம் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது, உயிரற்றதாக இருந்தாலும்; சட்டம் அப்படி. ஊருக்குள் கிடப்பதே ஒரு வாழ்நாளுக்குப் போதும்.

இப்படிச் சேர்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரைச் சொல்வேன். 1905-இல் தொடங்கிய அந்த ஊர்ப் பூச்சி ஆர்வலர் சங்கத்தின் உறுப்பினர்களில் பலர் தொழில்முறை விஞ்ஞானிகள் இல்லை. 1989 முதல் 2016 வரை 63 இயற்கைப் பாதுகாப்பிடங்களில் ஒரே மாதிரியான கூடாரப் பொறிகளை வைத்து, விழுந்த பூச்சிகளைத் தேதியிட்டு ஆல்கஹால் புட்டிகளில் சேமித்தார்கள். 2017-இல் கணக்குப் பார்த்தபோது பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்திருந்தது. “காரின் முன்கண்ணாடியில் இப்போதெல்லாம் பூச்சி அடிப்பதில்லையே” என்று அங்கேயும் எல்லோருக்கும் நினைவு இருந்தது. உலகம் செவிசாய்த்தது புட்டிகளுக்கு. அவர்கள் பொறி வைத்துப் பிடித்தார்கள், நாம் அதைச் செய்யத் தேவையில்லை. தேதியிட்டு வைத்த பொறுமையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மரபணுப் பரிசோதனை வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மரபணு வரிசை எந்த இனத்துடையது என்று சொல்ல, முதலில் பெயர் உறுதியான ஒரு மாதிரி வேண்டும், அதிலிருந்துதான் ஒப்பிடும் வரிசையே வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் படத்தின் பக்கம் அதிகம் சாய்ந்துவிடக் கூடாது. படம் எடுத்தாகிவிட்டதே என்று பூச்சியைத் தூக்கி எறிந்தால் எல்லாம் வீண். நாளைக்கு ஒருவர் காலின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பார். எடுக்காத கோணத்தைப் படம் தராது. வண்டுகளை ஊசியில் குத்தும்போது வலது சிறகோட்டில் குத்துவது உலக வழக்கம். இடது பாதி முழுசாக மிஞ்சும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, படமெடுக்க வருபவருக்கும் அந்தப் பக்கமே உதவும். நம் ஊரில் குத்திவைத்த பூச்சிக்கு எதிரிகள் அதிகம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பூக்கும். புத்தகப்பேன் மயிர்களைத் தின்னும். அந்திரீனஸ் என்ற சின்ன வண்டின் புழு உள்ளே புகுந்தால் சில மாதங்களில் ஊசியும் சீட்டும் தூளும் மட்டுமே மிஞ்சும். இறுக்கமாக மூடும் பெட்டி, சிலிக்கா ஜெல், அந்துருண்டை இவற்றால் சில ஆண்டுகள் தள்ளலாம், தலைமுறைகளைத் தள்ள முடியாது. வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பதைவிட, சேர்ந்தவற்றைப் படமெடுத்து முடித்ததும் கோயம்புத்தூருக்கோ சென்னையில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ, அவர்கள் ஏற்கும் நிலையில் ஒப்படைப்பதே சரி. பேரூரின் பெயரோடு நிறுத்தாமல் குருவிகுளம் சாலையா, புளியங்குடி சாலையா, எந்த மரத்தடி, எந்த விளக்கின் கீழ் என்பதுவரை சீட்டில் எழுத வேண்டும்; பென்சிலில் அல்லது ஆல்கஹாலில் கரையாத மையில். சீட்டில் இருக்கும் எண்ணும் படக் கோப்பின் எண்ணும் ஒன்றாக இருந்தால், பூச்சி கோயம்புத்தூரிலும் படம் சங்கரன்கோவில் நூலகக் கணினியிலும் இருந்தாலும் இரண்டும் ஒரே பதிவாகவே நிற்கும்.